வடவேங்கடத்துக்கு மிதிவண்டியில்

மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் இரயில் கடப்பையைத் தாண்டி ரேணிகுண்டா நிலையத்தில் நின்றதும், வண்டியில் உள்ள தமிழன்பர்கள் படுக்கையைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். சென்னை இன்னும் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். ஆயினும் சாளரத்தின் வழியே திருமலைத் தொடரைக் கண்டவுடன் ஊர் வந்துவிட்டதாக மனம் கூறிவிடுகிறது. இவ்வுணர்ச்சி நேற்றுத் தோன்றியதன்று. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாக வேங்கடத்தையும் தென்னெல்லையாகக் குமரியையும் வகுத்தது. அதற்குப் பின் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் அந்த மலையை வாயிற்படியாகவே கருதி வந்திருக்கின்றனர்.

ஆனால் அந்த வாயிற்படி உண்மையில் எங்கே இருக்கிறது? எந்த இடத்தில் ஒரு மொழி முடிந்து மற்றொரு மொழி தொடங்குகிறது? இரயிலில் செல்பவர் கண்ணயர்ந்து விழிப்பதற்குள் எல்லை கடந்துவிடுகிறது. பேருந்தில் செல்பவர் பெயர்ப்பலகையின் எழுத்து மாறுவதை மட்டும் காண்கிறார். நடந்து செல்வோருக்கு அது தெரியும். அவ்வளவு ஓய்வு இன்று எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. இடைப்பட்ட வழி ஒன்று உண்டு, அது மிதிவண்டி. காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி வரை, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவை, ஒரு தை மாதத்தில் நாங்கள் மூவர் இரண்டு நாட்களில் மிதித்துக் கடந்தோம். அச்சாலையில் நாங்கள் கண்டதையும், அச்சாலையின் வரலாற்றில் நாங்கள் கற்றதையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். இன்று நாம் ஏறிச் செல்லும் வடிவில், இரண்டு சக்கரங்களும் ஒரே அளவில் அமைந்து பின்சக்கரத்தைச் சங்கிலி இயக்கும் மிதிவண்டியை, இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885இல் உருவாக்கினார். 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைக் கண்டார். அதன் பின் பத்தாண்டு கழிவதற்குள் இந்நாட்டின் நெடுஞ்சாலைகள் மிதிவண்டிப் பயணிகளைக் கண்டுவிட்டன. ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவர் கணவரும் 1897இல் தொடங்கி, இலங்கையிலும், தென்முனையிலிருந்து இமயம் வரை இந்தியாவிலும் மிதிவண்டியில் சுற்றினர். தாங்கள் கடந்தது 14,000 மைல் என்று தங்கள் நூலின் பெயரிலேயே குறித்தனர். சாலையோர முட்களால் ஒரே நாளில் நாற்பது முறை வரை டயரில் துளை விழுந்தது என்று அவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அக்காலச் சாலைகளின் நிலை விளங்கும். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவரில் மூவர், 1928 மார்ச்சில் வெற்றியுடன் திரும்பினர்.

இவையெல்லாம் வீரப் பயணங்கள். நம் நாட்டில் மிதிவண்டியின் மெய்யான வரலாறோ தபால்காரர், ஆசிரியர், பால்காரர், மண்டிக் கணக்கர் ஆகியோரின் வரலாறாகும். 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை தொடங்கப்பெற்ற பின், கப்பலில் வந்த பண்டம் உள்ளூர்ப் பண்டமாயிற்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி கற்றபோது, அது எழுத்தறிவோடு சேர்ந்த ஒரு விடுதலையாகவே கொண்டாடப்பட்டது.

காட்பாடியை விட்டு வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் கிறிஸ்தியான்பேட்டைச் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் ஆந்திரப் பிரதேசம். சாவடியைக் கடந்தவுடன் பலகைகளில் எழுத்து மாறியது உண்மையே. ஆனால் தேநீர்க் கடையில் நாங்கள் தமிழில் கேட்டோம். தமிழிலேயே விடை கிடைத்தது. அடுத்த கடையில் தமிழில் கேட்டதற்குத் தெலுங்கில் விடை கிடைத்தது. கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

இவ்வெல்லைக் கோடு வரையப்பட்ட வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1911 ஏப்ரல் 1 வரை இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்துக்குச் சித்தூரே தலைநகர். அந்நாளில் வட ஆர்க்காட்டின் சில தாலுகாக்களையும் கடப்பை மாவட்டத்தின் சில தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. வடக்கெல்லைத் தமிழர்கள் கிளர்ந்தெழுந்தனர். மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்கள் எல்லையோர ஊர்களில் ஏற்கனவே ஊட்டியிருந்த உணர்ச்சிக்கு, ம. பொ. சிவஞானம் அரசியல் வடிவம் தந்தார். சிறை சென்றோர் உண்டு. உயிர் நீத்தோரும் உண்டு. பின்னர் படாஸ்கர் என்பவர் நடுவராக இருந்து கண்ட தீர்வின்படி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிலத்தின் மீது கோடு கிழிக்கும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

ஊர்ப்பெயர்கள் மட்டும் எந்தக் கோட்டையும் மதிப்பதில்லை. சித்தூர் என்பதில் உள்ள 'ஊர்' நாம் அறிந்ததே. அதற்கு வடக்கே காணிப்பாக்கம். பாக்கம் என்னும் சொல் சென்னையைச் சுற்றி எத்தனை ஊர்களில் ஒலிக்கிறது! அடுத்தது பூதலப்பட்டு. அதற்கும் அப்பால், சந்திரகிரியை நெருங்கும்போதும் முங்கிலிப்பட்டு என்று ஒரு பட்டு வருகிறது. இவற்றினிடையே ஏரியைக் குறிக்கும் 'செருவு' என்ற தெலுங்குச் சொல்லோடு தாமலசெருவு நிற்கிறது. மேற்கே ஆற்றைக் குறிக்கும் 'ஏரு' சேர்ந்து பலமனேரு, பீலேரு. மேலும் சென்றால் 'பள்ளி' சேர்ந்து மதனபள்ளி. ஒரு வண்ணம் மற்றொரு வண்ணத்தில் கரைவதுபோல் இப்பெயர்கள் கரைகின்றன. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர்க்கே ஒவ்வொரு மைல்கல்லையும் படித்து இதை உணர இயலும்.

சித்தூரை நெருங்கும் இச்சமவெளி அமைதியான உழவு நிலமாகத் தோன்றுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இது படைகள் நடந்த பாட்டை. ஹைதர் அலி ஆங்கிலேயருடன் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1782 டிசம்பர் 7இல், சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டையில் பாசறையிலேயே இறந்தார். மலையாளக் கரையில் இருந்த திப்பு வந்து சேரும் வரை அவர் இறப்பை மறைத்து வைத்தனர் என்பது வரலாறு. ஓர் அரசின் கதி, செய்தி கொண்டு செல்லும் குதிரை ஒரு சாலையில் எத்தனை நாளில் செல்லும் என்பதைப் பொறுத்திருந்த காலம் அது.

1801இல் கர்நாடக நவாபின் நாடு கும்பினியார் ஆட்சிக்கு உட்பட்டது. படைகளின் பாட்டை யாத்திரிகரின் பாட்டையாயிற்று. அக்காலப் பயணத்தை அறிய நமக்குக் கிடைத்துள்ள அரிய நூல், ஏனுகுல வீராசாமி தெலுங்கில் எழுதிய காசி யாத்திரை வரலாறு. அவர் சென்னை உச்ச நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளர். 1830 மே 18இல் பல்லக்கில் புறப்பட்டு, திருப்பதி, கடப்பை, ஐதராபாத், நாகபுரி வழியாகக் காசியை அடைந்து, 1831 செப்டம்பரில் திரும்பினார். வழியில் எந்த ஊரில் நீர் நன்று, எங்கே சத்திரம் உண்டு, எங்கே பாதை கல்லும் முள்ளுமாக இருக்கிறது என்றெல்லாம் நாள்தோறும் குறித்துத் தம் நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளைக்கு எழுதி வந்தார். அவர் மறைந்த பின் 1838இல் அந்நூல் அச்சேறிற்று. எழுதியவர் தெலுங்கர், கடிதங்களைக் காத்து நூலாக்கியவர் பிள்ளை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு, இப்பெரியார் இவ்வழியே சென்ற முன்னோராகத் தோன்றியதில் வியப்பில்லை.

வீராசாமி கண்ட சாலையின் உறுப்புகள் சில இன்றும் ஆங்காங்கே எஞ்சியிருக்கின்றன. இரண்டு நிறுத்துக் கற்களின் மேல் ஒரு படுக்கைக் கல்லை வைத்த சுமைதாங்கி அவற்றுள் ஒன்று. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்காத சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்கும்படி அக்கல்லை நாட்டுவது நம் வழக்கம். அதன் உயரம், தலைச்சுமையை எவர் உதவியுமின்றி இறக்கவும் ஏற்றவும் ஏற்றது. மற்றொன்று, இருபுறமும் நின்ற புளிய மரங்கள். அவை நிழலுக்காக மட்டும் நடப்பட்டவை அல்ல. காய்ப்பை ஆண்டுதோறும் ஏலம் விட்டு வருவாய் பெற்றனர். சாலையை அகலப்படுத்தியபோது இம்மரங்களில் பெரும்பாலானவை வீழ்ந்தன. புதிய நான்கு வழிச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் மிதித்த பின் நாங்கள் அதை உணர்ந்தோம். தை மாத வெயிலும் தலையைச் சுட்டது. ஆகவே இயன்ற இடங்களில் ஊர்களுக்குள் புகுந்து செல்லும் பழைய சாலையையே நாடினோம். நெடுஞ்சாலை ஊரை விலக்கிச் செல்கிறது. பழைய சாலையோ ஒவ்வோர் ஊரின் கிணற்றடியையும் பள்ளிக்கூடத்தையும் விசாரித்துவிட்டுச் செல்கிறது.

இரண்டாம் நாள் விடியலில் சித்தூரை விட்டோம். பாகுதா நதிக்கரையில் உள்ள காணிப்பாக்கம் விநாயகர் கோயிலில், தமிழகத்திலிருந்து வந்த பேருந்துகள் அந்நேரத்திலேயே வரிசையாக நின்றன. அதன் பிறகு வயல்கள். கரும்புத் தோட்டங்களின் நடுவே ஆலையாடிக்கொண்டிருந்தது. பாகு கொதிக்கும் மணம் கண்ணுக்கு முன்னே மூக்குக்குத் தெரிந்தது. சித்தூர் வெல்லம் நாடறிந்த சரக்கு. மாந்தோப்புகள் பூத்துக் குலுங்கின. கிளிமூக்கு மாங்காய் என்று நாம் கூறும் பெங்களூரா வகையே இங்கு மிகுதி. பழக்கூழாக்கும் தொழிற்சாலைகள் அதையே நம்பி இயங்குகின்றன. மேட்டு நிலங்களில் வேர்க்கடலை. ஏரிக்குக் கீழே நெல். பேராறு எதுவும் பாயாத நாடு இது. ஏரியையும் கிணற்றையும் கொண்டே முன்னோர் இதை விளைநிலமாக்கினர். மாடு பூட்டி நீர் இறைத்த கவலைகள் மறைந்து ஆழ்துளைக் கிணறுகள் வந்துவிட்டன. அவற்றின் ஆழமோ ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

பாகாலாவுக்கு இப்பால் எங்கள் வண்டிகளுள் ஒன்றின் டயரில் முள் தைத்தது. வொர்க்மன் தம்பதியரை நினைத்துச் சிரித்துக்கொண்டோம். வேப்ப மரத்தடியில் ஒரு முதியவர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் குச்சியால் குறித்துக்கொண்டே, "எந்த ஊரு சாமி?" என்று கேட்டார். டில்லியில் வேலை என்றோம். "அவ்வளவு தூரத்துல நம்ம பாஷை பேசறவங்க இருக்காங்களா?" என்றார். எது நம்ம பாஷை என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்களுடன் பேசியது தமிழ். கடைக்கு வந்த சிறுவனை விரட்டியது இரண்டும் கலந்த ஒன்று. இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னோம். "அப்ப பரவாயில்லை" என்று அவர் டயரை மாட்டினார்.

பாகாலாவிலிருந்து சற்று விலகி, பீலேரு செல்லும் வழியில் தாமலசெருவு இருக்கிறது. இன்று அது மாம்பழச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். 1740 மே மாதத்தில் அங்குள்ள கணவாயில்தான் கர்நாடக நவாபு தோஸ்த் அலிகான், இரகோஜி போன்ஸ்லேயின் மராத்தியப் படையை எதிர்த்து நின்று உயிர் நீத்தார். அச்சாவுக்குப் பின் ஆர்க்காட்டில் எழுந்த வாரிசுப் பூசலில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தலையிட்டனர். ஆங்கிலேயரின் இந்திய ஆட்சிக்கு அதுவே அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. மாந்தோப்பின் நடுவே நின்று பார்த்தால், இவ்வளவு பெரிய கதவு இவ்வளவு சிறிய கணவாயிலா திறந்தது என்று திகைப்பு உண்டாகிறது.

பிற்பகலில் சந்திரகிரிக் கோட்டை தெரிந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர அரசர் பெனுகொண்டாவிலிருந்து தலைநகரை இங்கு மாற்றினர். மூன்று மாடிகள் கொண்ட இராஜமகால் இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1639இல் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் தந்த தாமர்ல நாயக்கர், சந்திரகிரி அரசருக்கு உட்பட்டவர். தமிழ்நாட்டின் தலைநகர் தோன்றிய இடம் எல்லைக்கு இப்பால் இருந்து வழங்கப்பட்ட கொடை என்பதை, எல்லையைப் பற்றிச் சூடாகப் பேசும் நாம் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

சந்திரகிரியை அடுத்த சீனிவாசமங்காபுரத்துக்கு அப்பால், ஸ்ரீவாரி மெட்டு என்னும் பழைய படிவழி திருமலைக்கு ஏறுகிறது. மோட்டார் செல்லும் மலைச்சாலை 1944இல்தான் திறக்கப்பட்டது. இரண்டாவது சாலை 1974இல். அதற்கு முன் மன்னரும் மக்களும் கால்நடையாகவோ டோலியிலோதான் ஏறினர். கிருஷ்ணதேவராயர் 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை திருமலைக்கு வந்தார். தம் கொடைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் கல்லில் பொறிக்கச் செய்தார். இன்றைய மொழிபெயர்ப்பு அலுவலகங்களுக்கு இவ்வளவு பழைய முன்மாதிரி இருப்பது மகிழ்ச்சிக்குரியது.

வண்டிகளை அடிவாரத்தில் விட்டுப் படியேறினோம். மேலே கோயிற் சுவர்களில் நாங்கள் தேடிய விடை எழுதப்பட்டிருந்தது. பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்னும் பல்லவ குல அரசி வெள்ளித் திருமேனி வழங்கிய செய்தி முதலாக, அங்குள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. அதே கோயிலில் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் ஆயிரக்கணக்கான செப்பேடுகளில் தெலுங்கில் பொறிக்கப்பட்டுக் காக்கப்பட்டன. கல்லில் தமிழ், செம்பில் தெலுங்கு. இரண்டும் ஒரே இறைவனுக்கு ஒரே மதிலுக்குள் சேர்ந்தவை. திருத்தணியில் 1888இல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் திருப்பதியிலும், பின் வேலூரிலும், பின் சென்னையிலும் கல்வி கற்றார். அவருடைய காலத்தில் அது ஒரே நாட்டுக்குள் நான்கு ஊர்கள். இன்று இரண்டு மாநிலங்கள்.

எல்லை இல்லை என்று நாங்கள் கூறவில்லை. எல்லைக்காகப் போராடியவர்களின் துயரம் மெய்யானது. தாய்மொழியில் பள்ளியும் அலுவலகமும் வேண்டும் என்று கேட்பது மக்களின் உரிமை. ஆட்சிக்கு ஒரு கோடு வேண்டும். ஆனால் வாழ்க்கையில் எல்லை என்பது கோடன்று. நூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சரிவு. சங்கப் புலவர்கள் இதை அறிந்திருந்தனர். பொருள் தேடி வேங்கடத்தைக் கடந்து சென்ற தலைவனைப் பாடும்போது, அவன் சென்ற நாட்டை 'மொழிபெயர் தேயம்' என்றனர்; மொழி பெயர்ந்து வேறாகும் நாடு என்பது பொருள். பகைவர் நாடு என்று அவர்கள் அதைக் குறிக்கவில்லை. அச்சொல்லின் வழித்தோன்றலே எங்கள் தொழிலின் பெயர். பொருள் தேடி வேங்கடத்துக்கு அப்பால் சென்று மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நாமனைவரும் அத்தலைவனின் வழித்தோன்றல்களே.

2022இல் அடிக்கல் நாட்டப்பட்ட பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையும் சித்தூர் மாவட்டத்தின் வழியே வகுக்கப்பட்டதாகும். விரைவு வேண்டியதே, நோயாளிக்கும் விளைபொருளுக்கும் அது உயிர். ஆனால் அத்தகைய சாலைகளில் மிதிவண்டிக்கு இடமில்லை. பழைய சாலைகளைக் காப்பவர் அவற்றில் செல்பவரே. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும் அன்பர்களுள் உடல்வலிமை உள்ளோர், மார்கழியிலோ தையிலோ இரண்டு நாட்களை இதற்கென ஒதுக்கலாம். வெயில் ஏறுமுன் புறப்படுக. தண்ணீரும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உடன் கொள்க. பிள்ளைகள் உடன் வந்தால், மைல்கல்லில் உள்ள ஊர்ப்பெயர்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பாக்கமும் பட்டும் எங்கே குறைகின்றன, செருவும் பள்ளியும் எங்கே தொடங்குகின்றன என்று அவர்கள் எண்ணிக்கொண்டே வரட்டும். பிற மாநிலத்தில் வளரும் அப்பிள்ளைகளுக்கு இரு மொழிகளுக்கு நடுவே வாழ்வது புதிதன்று. பாகாலாவுக்கு இப்பால் வேப்ப மரத்தடியில், நம் பாஷை பேசுபவர் அங்கும் இருக்கிறார்களா என்று கேட்பவருக்கு, அவர்களே விடை கூறிக்கொள்வார்கள்.